வீடு ஒருவருடையது, விறகுச் செலவு இன்னொருவருடையது!

குத்தகைத் தோட்டத்துக் கிணற்றின் வழக்கு நம் தோட்டக்காரருக்குப் புதிதன்று. கிணறும் நீரிறைக்கும் இயந்திரமும் காணிச் சொந்தக்காரருடையவை. இயந்திரம் குடிக்கும் எண்ணெய்க்குக் காசு கொடுப்பவர் குத்தகைக்காரர். ஒரு போத்தல் எண்ணெயில் இறைக்க வேண்டிய நீருக்கு அந்தப் பழைய இயந்திரம் மூன்று போத்தல் குடிக்குமானால், நட்டம் யாருக்கு? குத்தகைக்காரருக்கு. அதனை மாற்றும் அதிகாரம் யாருக்கு? சொந்தக்காரருக்கு. நட்டப்படுபவரிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவருக்கு நட்டம் இல்லை. ஆகவே இயந்திரம் மாறுவதில்லை. மாறினாலும், கடையில் விலை குறைந்தது எதுவோ அதுவே வந்து சேரும்.

இச்சிறு உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், இன்று பிரித்தானியாவின் பழைய வாடகைவீடுகளில் எழுந்துள்ள ஒரு பெரிய பிரச்சினையை விளங்கிக்கொள்வது எளிது. அங்கே நீருக்குப் பதிலாக வெப்பம். கிணற்று இயந்திரத்துக்குப் பதிலாக வீட்டைச் சூடாக்கும் கொதிகலன். வாயுவை எரித்து வீட்டைச் சூடாக்கிய காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. மின்சாரத்துக்கு மாறுங்கள் என்கிறது அரசாங்கம். மாற்றம் வேண்டியதே. அதனை மறுப்பது எம் நோக்கமன்று. ஆனால், இயந்திரத்தைத் தெரிவு செய்பவர் ஒருவராகவும், அதன் பசிக்கு ஆயுட்காலம் முழுவதும் தீனி போடுபவர் இன்னொருவராகவும் இருக்கும்வரை, நல்ல மாற்றமும் ஏழைக்குத் தீங்காகவே முடியும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலண்டன் வீட்டின் குளிர் நமக்கெதற்கு என்று எவரும் கேட்டுவிட முடியாது. நம் பிள்ளைகளும் சகோதரரும் ஆயிரமாயிரமாக அங்கு வாழ்கின்றனர். வந்து இறங்கிய காலத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தவர்கள் அவர்கள். பின்னர் உழைத்து ஒரு வீட்டை வாங்கியவர்களும், அதன்பின் இரண்டாவது வீட்டையும் வாங்கி அதனை வாடகைக்கு விட்டவர்களும் அவர்களுள் பலர். இவ்வழக்கில் நம்மவர் இரு தரப்பிலும் நிற்கின்றனர். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவது நமக்கு முறையாகாது.

நிலக்கரியிலிருந்து வாயுவுக்கு

பிரித்தானியர் வெப்பமூட்டும் முறையை அடியோடு மாற்றுவது இது முதன்முறையன்று. 1952-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஐந்து நாட்களாக இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகைமூட்டம் கவிந்துகொண்டது. அதனால் மாண்டவர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் சிலர் அத்தொகையை 12,000 வரை உயர்த்திக் கூறினர். அதன் விளைவாகப் பிறந்ததே 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். அக்காலத்தில் சட்டமும் மருத்துவமும் பயில அங்கு சென்ற நம்மவர், வாடகை அறையின் மூலையில் இருந்த மீற்றருக்குள் ஷில்லிங் நாணயத்தைப் போட்டுக் குளிர்காய்ந்த கதையை ஊருக்குத் திரும்பிய பின்னும் சொல்லிக்கொண்டிருந்தனர். நாணயம் தீர்ந்தால் நெருப்பும் அணைந்தது.

1965-ஆம் ஆண்டில் வட கடலின் அடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை நிலக்கரியிலிருந்து வடித்த வாயுவே குழாய்வழி வந்துகொண்டிருந்தது. புதிய வாயு பழைய அடுப்புகளில் எரியாது. ஒவ்வொரு வீட்டின் ஒவ்வோர் அடுப்பும் மாற்றியமைக்கப்பட வேண்டும். 1967-ஆம் ஆண்டில் தொடங்கி 1977-ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் பாவனையாளரின் வீடுகளுக்கு அரசாங்க வாயுத் துறையின் தொழிலாளர் தெருத்தெருவாகச் சென்று அப்பணியைச் செய்து முடித்தனர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீ வீட்டுக்காரனா, வாடகைக்காரனா என்று அவர்கள் கேட்கவில்லை. மாற்றியமைக்கும் கூலியைத் தனியாக அறவிடவும் இல்லை. நாட்டுக்கு வேண்டிய மாற்றம்; ஆகவே நாடே அதனைச் செய்தது.

இன்று வந்திருக்கும் மாற்றமும் நாட்டுக்கு வேண்டியதே. வெப்பத்தைக் கூட்டும் கரிவாயுவை 2050-ஆம் ஆண்டுக்குள் நிகர அளவில் அற்றுப்போகச் செய்ய வேண்டுமென 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் சட்டமாக்கியது. 2022-ஆம் ஆண்டு பெப்ரவரியில் உக்ரேன்மீது ரஷ்யா படையெடுத்தபோது வாயு விலை ஏறிய ஏற்றம், அயல்நாட்டு எரிபொருளை நம்பிய குடும்பங்களின் கணக்கேட்டைக் கிழித்தெறிந்தது. மறுபுறத்தில், 2024-ஆம் ஆண்டு செப்டெம்பர் 30-ஆந் திகதி பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. மின்சாரம் ஆண்டுதோறும் தூய்மையடைகிறது. வாயுவோ என்றும் வாயுவே. மேலும், வாயுக் கொதிகலன் பழுதுபட்டால் மணமும் நிறமும் அற்ற நச்சுப்புகையால் உறக்கத்திலேயே உயிர் போகலாம். அதனாலேதான் வாடகைவீட்டின் வாயுச் சாதனங்களை ஆண்டுக்கொரு முறை சோதிப்பித்துச் சான்றிதழ் பெற வேண்டுமென்று அங்கு சட்டம் உண்டு.

ஒரு சொல், மூன்று இயந்திரங்கள்

இதுவரை எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தகராறு தொடங்குவது இனிமேல்தான். மின்வெப்பம் என்பது ஒரு சொல். அச்சொல்லின் கீழ் மூன்று வேறுபட்ட இயந்திரங்கள் மறைந்திருக்கின்றன.

முதலாவது, சுவரில் மாட்டும் சாதாரண மின்ஹீற்றர். ஓர் அலகு மின்சாரத்தைக் குடித்து ஓர் அலகு வெப்பத்தைத் தரும். விலை குறைவு, ஒரே நாளில் பூட்டி முடிக்கலாம்.

இரண்டாவது, வெப்பத்தைச் சேமிக்கும் ஹீற்றர். உள்ளே கனத்த செங்கற்கள் அடுக்கப்பட்டிருக்கும். மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நள்ளிரவில் அவை சூடேறும். பகலில் சிறிது சிறிதாக அச்சூட்டை விடும். இதற்கென்றே எக்கொனமி 7 என்னும் ஏழு மணித்தியால இரவுக் கட்டணம் 1978-ஆம் ஆண்டில் வந்தது. இரவில் மலிவு, ஆனால் பகற்கட்டணம் வழக்கத்தைவிட அதிகம்.

மூன்றாவது, வெப்பப் பம்பி. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில் கைவைத்துப் பார்த்தவருக்கு அங்கே சூடு இருப்பது தெரியும். பெட்டிக்குள் இருந்த வெப்பத்தை அந்த இயந்திரம் வெளியே இறைத்துக் கொட்டுகிறது. அதனையே திருப்பி அமைத்தால், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் இறைக்கலாம். வெளியே உறைபனி பெய்தாலும் காற்றில் வெப்பம் முற்றாக அற்றுப்போவதில்லை. இந்த இயந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனாலேயே ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு வெப்பம் கிடைக்கிறது. இஃது ஏதோ நேற்றைய புதுமையன்று. 1945-ஆம் ஆண்டளவிலேயே நொரிச் நகரின் மின்பொறியியலாளர் ஜோன் சம்னர் என்பார், ஆற்றுநீரின் வெப்பத்தை இறைத்து ஒரு கட்டடத்தைச் சூடாக்கிக் காட்டினார்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 10,000 அலகு வெப்பம் வேண்டிய ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அங்கு விதிக்கப்பட்ட விலை உச்சவரம்பின்படி, மின்சாரம் அலகொன்று 26.35 பென்ஸ், வாயு 6.29 பென்ஸ். நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. நூற்றுக்கு 85 பங்கு பயன்தரும் வாயுக் கொதிகலனில் அவ்வீட்டின் எரிபொருட் செலவு ஏறத்தாழ 740 பவுண். சுவரில் மாட்டிய சாதாரண மின்ஹீற்றரில் அதே வெப்பத்துக்கு 2,635 பவுண். சேமிப்பு ஹீற்றரில், இரவுக் கட்டணம் பாதியளவென்று கொண்டால், 1,300 பவுணுக்கு மேல். ஒன்றுக்கு மூன்று தரும் வெப்பப் பம்பியில் 878 பவுண். சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றி வாயு இணைப்பையே துண்டித்துவிட்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 34 பென்ஸாகிய வாயுவின் நிலைக்கட்டணம் ஆண்டுக்கு 124 பவுண் மிச்சமாகும். அப்போது வாயுவுக்கும் வெப்பப் பம்பிக்கும் வேறுபாடு அநேகமாக இல்லாமற் போகும்.

ஒரே வீடு; ஒரே குளிர். ஆனால் இயந்திரம் எது என்பதைப் பொறுத்து, குடியிருப்பவரின் செலவு 878 பவுணாகவும் இருக்கலாம். 2,635 பவுணாகவும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பவர் யார்? அந்தப் பணத்தை ஒரு சதமும் கொடுக்காதவர்!

பொயிலர் பழுதாகும் நாள்

நடைமுறையில் இத்தீர்மானம் எப்போது எடுக்கப்படுகிறது? கொதிகலன் கோடையில் பழுதாவதில்லை. ஜனவரி மாதத்துக் குளிரில், ஓய்வின்றி ஓடும் காலத்தில்தான் அது நின்றுவிடுகிறது. வீட்டில் குழந்தை இருக்கிறது. வாடகைக்காரர் தொலைபேசியில் அழைக்கிறார். 1985-ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சட்டம் வெப்பமூட்டும் சாதனத்தைப் பழுதுபார்த்து வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரர்மீது சுமத்துகிறது. திருத்தி வை என்று சொல்லும் அச்சட்டம், எதை வை என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறார். வெப்பப் பம்பி பூட்ட 12,000 பவுணுக்கு மேல் ஆகலாம். வாரக்கணக்கில் திட்டமிடவும் வேண்டும். மின்ஹீற்றரோ அதன் சிறு பங்குச் செலவில் நாளையே வந்துவிடும். ஆண்டுதோறும் வாயுச் சான்றிதழ் எடுக்கும் தொல்லையும் ஒழிந்தது. இரண்டே நாளில் வீடு மின்சாரத்துக்கு மாறிவிட்டது. நாட்டின் பசுமைக் கணக்கில் ஒரு வீடு கூடிவிட்டது.

அடுத்த மாதம் மின்கட்டணச் சீட்டு வருகிறது. அன்று தொடங்கி அக்குடும்பம் ஹீற்றரை நிறுத்திவைக்கப் பழகுகிறது. ஓர் அறையை மட்டும் சூடாக்கி எல்லாரும் அதற்குள் ஒடுங்குகின்றனர். மற்ற அறைகளின் குளிர்ந்த சுவரில் ஈரம் படிகிறது. ஈரத்தில் பூஞ்சணம் கறுக்கிறது. பூஞ்சணம் குழந்தையின் சுவாசப்பைக்குள் செல்கிறது. இது கற்பனைப் பயமன்று. 2020-ஆம் ஆண்டு டிசெம்பரில் ரொச்டேல் நகரில், பூஞ்சணம் பிடித்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் இறந்தது. பூஞ்சணமே காரணம் என 2022-ஆம் ஆண்டில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அக்குழந்தையின் பெயரால் ஒரு சட்டமே பிறந்தது; 2025-ஆம் ஆண்டு ஒக்டோபரில் சமூக வாடகைவீடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே காற்றோட்டமின்மையும் நிருவாகத்தின் அசட்டையும் பெருங்குற்றங்களாக நின்றன. ஆயினும், குளிர்ந்த சுவரும் பூஞ்சணமும் கூடப்பிறந்தவை என்பதை அறியாதவர் இல்லை.

இயந்திரத்துக்கு முன் சுவர்

வெப்பப் பம்பியை வாங்கிப் பூட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பழைய வீட்டின் உடம்பை அறியாமல் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது.

விக்டோரியா மகாராணியார் காலத்தில் கட்டிய தொடர்வீடுகளில் சுவர் ஒன்பது அங்குலச் செங்கற் சுவர். இடையில் வெற்றிடம் இல்லை. வெப்பம் அதனூடாகத் தாராளமாக வெளியேறும். பிற்கால வீடுகளில் இருசுவருக்கிடையே உள்ள வெற்றிடத்தைப் பஞ்சாலோ மணிகளாலோ எளிதில் நிரப்பலாம். பழைய சுவருக்கோ உட்புறத்திலோ வெளிப்புறத்திலோ காப்புப் பலகை அறைய வேண்டும்; செலவு அதிகம். ஆனால் கூரையின் கீழ் வெப்பக் காப்பு விரிப்பதும், கதவு யன்னல் இடுக்குகளை அடைப்பதும் குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன. கீழே ஓட்டையுள்ள தொட்டிக்குப் பெரிய குழாய் பூட்டுவதால் யாருக்கு இலாபம்? தண்ணீர் விற்பவருக்கே இலாபம்.

அடுத்தது அறையிலுள்ள ரேடியேற்றர். வாயுக் கொதிகலன் 70 பாகைச் சூட்டில் நீரை அனுப்பும். வெப்பப் பம்பி 45, 50 பாகையில் அனுப்பும்போதே சிக்கனமாக ஓடும். நீரின் சூடு குறைவாயின் ரேடியேற்றரின் பரப்புக் கூட வேண்டும். ஆகவே ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று தனித்தனியே கணக்கிட்டு, சிறிய ரேடியேற்றர்களை மாற்ற வேண்டும். இக்கணக்கைச் செய்யாமல் பூட்டிய பம்பி, ஒன்றுக்கு மூன்று தருவதற்குப் பதிலாக ஒன்றுக்கு இரண்டரையே தரும். 878 பவுண் 1,054 ஆகிவிடும். அந்த அலட்சியத்தின் தண்டமும் குடியிருப்பவர் தலையிலேயே விழும்.

இவற்றோடு, வெந்நீரைச் சேமிக்கும் தொட்டிக்கு வீட்டில் இடம் வேண்டும். வெளியே இயந்திரம் வைக்க முற்றம் வேண்டும். மின்இணைப்பின் வலுவையும் பார்க்க வேண்டும். பழைய தொடர்வீடுகள் சிலவற்றில் அடுத்த வீட்டோடு ஒரே கம்பியைப் பங்கிட்ட இணைப்பு இருக்கும். அதனை மின்விநியோக நிறுவனம் பிரித்துத் தர வேண்டும். இவை ஒன்றும் செய்ய முடியாதவை அல்ல. ஆனால் ஜனவரி மாதத்து இரண்டு நாளில் செய்யக்கூடியவையும் அல்ல. கோடையிலே, கொதிகலன் உயிரோடு இருக்கும்போதே, திட்டமிட வேண்டியவை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் இல்லாமல் இல்லை. வீடுகளுக்கு ஏ முதல் ஜீ வரை தரம் குறித்து எரிசக்திச் சான்றிதழ் வழங்குகின்றனர். 2018-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ஈ தரத்துக்குக் கீழ்ப்பட்ட வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே உள்ள வாடகைக்கும் அவ்விதி பொருந்தும் என்று விதித்தனர். ஆனால் வீட்டுக்காரர் 3,500 பவுணுக்கு மேல் செலவிட வேண்டியதில்லை என்று வரம்பும் கட்டினர். இத்தரத்தைச் சீ வரை உயர்த்தும் யோசனையை 2023-ஆம் ஆண்டு செப்டெம்பரில் அன்றைய பிரதம மந்திரி ரிஷி சுனக் கைவிட்டார். 2025-ஆம் ஆண்டு பெப்ரவரியில், 2030-ஆம் ஆண்டைக் குறியாக வைத்துத் தொழிற்கட்சி அரசாங்கம் அதனை மீண்டும் முன்வைத்தது. ஒரு மந்திரிசபை எழுதுகிறது. இன்னொரு மந்திரிசபை அழிக்கிறது. மூன்றாவது மந்திரிசபை மீண்டும் எழுதுகிறது. இதற்கிடையில் வீட்டுக்காரர், பொறுத்திருந்து பார்ப்போம் என்று கையைக் கட்டிக்கொண்டால் அவரை மட்டும் குறைகூறிப் பயனென்ன?

உதவித் தொகையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய கொதிகலன் மாற்றுத் திட்டத்தில், வெப்பப் பம்பிக்கு 5,000 பவுண் கொடுத்தனர். 2023-ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது 7,500 பவுணாக உயர்ந்தது. வாடகைக்கு விடும் தனியாருக்கும் அது கிடைக்கும். இதனை அறியாத நம்மவர் பலர் இருக்கக்கூடும். வாடகைக்காரர் தாமே பணம் தேடி வீட்டைச் சீர்படுத்த விரும்பினால், நியாயமின்றி வீட்டுக்காரர் மறுக்கக் கூடாதென 2016-ஆம் ஆண்டிலிருந்து ஒரு விதியும் உண்டு. அழகான விதி! அடுத்த வருடம் இருப்போமோ இல்லையோ என்று அறியாதவர், பிறர் சுவருக்குத் தம் பணத்தைப் பூசுவாரா? குத்தகைக் காலம் நிச்சயமில்லாதவன் நிலத்துக்கு ஆழ எரு இடமாட்டான்.

வீட்டுக்காரரின் நியாயம்

வீட்டுக்காரர் எல்லாரும் கோடீசுவரர் அல்லர். ஒரே ஒரு வீட்டை வங்கிக் கடனில் வாங்கி, வாடகையில் தவணை கட்டி, முதுமைக்கு அதுவே துணையென்று இருப்பவர் பலர். அவர்கள் கேட்கின்றனர்: பணம் போடுபவன் நான், கட்டணம் குறைந்தால் இலாபம் குடியிருப்பவருக்கு. எனக்கு என்ன? மேலும் நெருக்கினால் வீட்டை விற்றுவிட்டுப் போவேன். அப்போது வாடகைவீடே கிடைக்காது.

இக்கேள்வியில் நியாயம் உண்டு. அதனாலேயே வெறும் கட்டளை மட்டும் போதாது என்கிறோம். ஆனால் நியாயத்தின் மறுபாதியையும் அவர்கள் பார்க்க வேண்டும். சீர்பெற்ற வீடு சொந்தக்காரரின் சொத்து. விலை ஏறினால் அவருக்கே ஏறும். பூஞ்சணம் பிடித்த சுவரும் அவருடையதே. கட்டணம் கட்ட முடியாத குடும்பம் முதலில் ஹீற்றரை நிறுத்தும்; பின்னர் வாடகையில் நிலுவை வைக்கும். வாடகைக்காரரை வறுமைப்படுத்தி வாடகையைப் பாதுகாக்க முடியாது.

ஓர் எச்சரிக்கையும் நம் நாட்டு அநுபவத்திலிருந்து எடுத்துக் கூறலாம். 1958-ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குடியானவருக்குப் பாதுகாப்பளிக்க வந்தது. ஆனால் சட்டத்தின் கை நீளுமுன் பல இடங்களில் காணிக்காரர் குடியானவரை எழுப்பிவிட்டனர். வெளியேற்றத்தைத் தடுக்காத பாதுகாப்பு, பாதுகாப்பாகாது. இவ்வகையில் இங்கிலாந்தில் நிறைவேறிய 2025-ஆம் ஆண்டின் வாடகைக்காரர் உரிமைச் சட்டம் முக்கியமானது. காரணம் கூறாமல் எழுப்பும் பழைய முறையை 2026-ஆம் ஆண்டு மே முதலாந் திகதியுடன் ஒழிப்பதென அச்சட்டம் விதித்தது. குளிர்கிறது என்று சொன்ன குற்றத்துக்காகத் தெருவுக்கு அனுப்பப்படும் பயம் நீங்கினாலன்றி, வேறெந்த உரிமையும் கடதாசியில்தான் இருக்கும்.

அயல்நாடுகள் செய்தவை

கால்வாய்க்கு அப்பால் பிரான்சில், ஜீ தரத்து வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவது 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியுடன் தடைசெய்யப்பட்டது. எவ் தரத்துக்கு 2028-ஆம் ஆண்டும், ஈ தரத்துக்கு 2034-ஆம் ஆண்டும் தவணை. இத்திகதிகளை 2021-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்காரர் முன்கூட்டியே அறிவார்.

ஜேர்மனி வேறொரு வழியைக் கண்டது. எண்ணெய்க்கும் வாயுவுக்கும் விதித்த கரிவாயு வரியை முன்னர் வாடகைக்காரரே முழுவதும் சுமந்தனர். 2023-ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து அதனை இருவருக்கும் பங்கிட்டுப் பத்துப் படிகள் அமைத்தனர். வீடு எவ்வளவு கேடாக வெப்பத்தை இழக்கிறதோ, அவ்வளவுக்கு வீட்டுக்காரரின் பங்கு ஏறும். மிக மோசமான வீட்டில் நூற்றுக்கு 95 பங்கு அவருடையது; மிகச் சிறந்த வீட்டில் அவருக்கு ஒன்றுமில்லை. இதுவே நாம் தொடக்கத்தில் கூறிய கிணற்று வழக்குக்கு ஏற்ற தீர்ப்பு. இயந்திரத்தைத் தெரிவு செய்பவரின் சட்டைப்பையையும் அதன் பசி தொட வேண்டும். தொட்டால், நல்ல இயந்திரம் தானாக வரும்.

செய்ய வேண்டியவை

பிரித்தானிய அரசாங்கத்தார் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, வாடகைவீட்டின் வெப்ப முறையை மாற்றும்போது, அவ்வீட்டில் குடியிருப்பவரின் ஆண்டுச் செலவு முன்னையதைவிட ஏறாது என்று காட்டும் கடமையை மாற்றுபவர்மீது வைக்க வேண்டும். வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் சாதாரண மின்ஹீற்றரை மட்டும் மாட்டிவிட்டு, மாறிவிட்டோம் என்று கூற இடமளிக்கக் கூடாது. இரண்டாவது, மின்சாரத்தின்மேல் ஏற்றிவைத்த சுமைகளை இறக்க வேண்டும். பசுமைத் திட்டங்களின் செலவை வாயுவைவிட மின்சாரத்தின்மேலேயே நெடுங்காலம் அதிகமாக ஏற்றி வந்தனர். 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாத வரவு செலவுத் திட்டத்தில் அதன் ஒரு பங்கைப் பொது வரிப்பணத்துக்கு மாற்றத் தீர்மானித்தது நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கம் மட்டுமே. மின்சாரத்துக்கு மாறு என்று ஒரு கையால் தள்ளி, மாறியவனை மறு கையால் அடிப்பது அரசநீதியன்று. மூன்றாவது, திகதியைக் குறித்தால் அதில் நிலைத்து நிற்க வேண்டும்.

வீட்டுக்காரராயுள்ள நம்மவருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனைவரும் ஒரு காலத்தில் வாடகை அறையில் குளிர்ந்தவர்களே. கொதிகலன் பழுதாகும்வரை காத்திராதீர்கள். வரும் கோடையில் கூரைக்குக் காப்பிடுங்கள். அறையறையாக வெப்பக் கணக்கை எடுப்பியுங்கள். அரசாங்க உதவித் தொகைக்கு விண்ணப்பம் செய்யுங்கள். மின்இணைப்பின் வலுவைக் கேட்டறியுங்கள். வெப்பப் பம்பிக்கு இடமே இல்லாத சிறுவீடாயின், நல்ல சேமிப்பு ஹீற்றரையாவது பூட்டி, அதனை இயக்கும் முறையைக் குடியிருப்பவருக்குத் தெளிவாகக் காட்டிக்கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், அந்த ஆண்டுக் கட்டணத்தை நீங்களே செலுத்த வேண்டியிருந்தால் எந்த இயந்திரத்தை வாங்குவீர்கள் என்று ஒருமுறை உங்களையே கேட்டுப்பாருங்கள். அதற்கு வரும் பதிலை வாங்கிப் பூட்டுங்கள்.

வாடகைக்கு இருப்போருக்கும் ஒரு வார்த்தை. வீட்டைப் பார்க்கச் செல்லும்போது சமையலறையின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். சூடு எதிலிருந்து வருகிறது, சென்ற குளிர்காலத்துக் கட்டணம் எவ்வளவு, சான்றிதழில் தரம் எது என்று கேளுங்கள். வாடகை 50 பவுண் குறைவென்று எடுத்த வீடு, மாதம் 150 பவுணை மீற்றர் வழியாக அறவிடலாம்.

அன்று ஷில்லிங் நாணயம் தீர்ந்தபோது நெருப்பு அணைந்தது. இன்று நாணயம் இல்லை. கட்டணச் சீட்டு வரும் பயத்தில் குடியிருப்பவரே அதை அணைக்கிறார். எழுபது ஆண்டுகளில் இயந்திரம் மாறியிருக்கிறது. குளிருக்கு அஞ்சுபவர் மாறவில்லை. அவரும் ஹீற்றரை அணைக்காமல் உறங்கும் நாளிலேதான் இம்மாற்றம் நிறைவேறியதாகும்.